பச்சை வாக்குத்தாளில் ஒரு பெயர்: பாகிஸ்தானில் எம்.என்.ஏ. ஆவது எப்படி

பாகிஸ்தானில் பொதுத்தேர்தல் அன்று வாக்குச்சாவடிக்குள் போகிறவர் கையில் இரண்டு தாள்களைக் கொடுப்பார்கள். ஒன்று பச்சை, மற்றது வெள்ளை. பச்சைத் தாள் இஸ்லாமாபாத்தில் கூடும் தேசிய அவைக்கு. வெள்ளைத் தாள் அவரவர் மாகாணச் சட்டமன்றத்துக்கு. வாக்கு இயந்திரம் கிடையாது. கட்டைவிரலில் மை வைத்து, ஒரு ரப்பர் முத்திரையைத் தருவார்கள். மறைவுக்குப் போய், பிடித்த சின்னத்தின் மேல் ஒரு குத்து. மடித்துப் பெட்டியில் போட்டால் வேலை முடிந்தது.

பச்சைத் தாளில் வென்று போகிறவரை அங்கே எம்.பி. என்று சொல்வதில்லை, எம்.என்.ஏ. என்பார்கள். தேசிய அவை உறுப்பினர் என்று பொருள். வெள்ளைத் தாளில் வென்றவர் எம்.பி.ஏ. படிப்பின் பெயரோடு குழம்பிவிடும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2018 ஜூலை 25 அன்று நடந்த தேர்தலில், சிந்து மாகாணத்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் தார்பார்க்கர் மாவட்டத்தில், என்.ஏ.-222 என்ற தொகுதியின் பச்சைத் தாளில் அம்புச் சின்னத்துக்கு உரிய பெயர் மகேஷ் குமார் மலானி. பாகிஸ்தான் மக்கள் கட்சியின் வேட்பாளர். 1,06,000க்கு மேல் வாக்கு வாங்கினார். அவருக்கு அடுத்து வந்த அர்பாப் ஜகாவுல்லாவுக்கு 87,000 சொச்சம். வித்தியாசம் ஏறக்குறைய 19,000. மறுநாள் இந்தச் செய்தி பாகிஸ்தான் தாண்டியும் போனது. காரணம், 2002-ல் தேர்தல் முறை மாறிய பிறகு, ஒரு பொதுத் தொகுதியில் நேரடியாக நின்று ஜெயித்து தேசிய அவைக்குப் போன முதல் இந்து அவர்தான். முறை மாறி 16 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆனால் மலானி அந்த அவைக்குள் நுழைவது அதுதான் முதல் தடவையா என்றால், இல்லை. 2002 தேர்தலுக்குப் பிறகு அமைந்த அவையிலும் அவர் உறுப்பினர்தான். அப்போது எந்தப் பச்சைத் தாளிலும் அவர் பெயர் இல்லை. யாரும் அவர் சின்னத்தின் மேல் முத்திரை குத்தவும் இல்லை. ஒரே மனிதர், ஒரே அவை, ஒரே கட்சி. உள்ளே வந்த வாசல்தான் வேறு. அந்த இரண்டு வாசல்களும் எப்படி வேலை செய்கின்றன என்பது புரிந்துவிட்டால், பாகிஸ்தான் தேர்தலில் பாதி புரிந்த மாதிரி. மலானியின் பயணத்தையே கையில் பிடித்துக்கொண்டு போகலாம்.

முதலில் அவையின் கணக்கு. இன்றைய தேசிய அவையில் 336 இடங்கள். இதில் 266 பொது இடங்கள்: ஊர் ஊராகப் பிரித்த தொகுதிகள், எல்லாரும் வாக்களிக்கலாம், யார் அதிக வாக்கு வாங்குகிறாரோ அவர் வெற்றி. பஞ்சாபுக்கு 141, சிந்துவுக்கு 61, கைபர் பக்தூன்குவாவுக்கு 45, பலுசிஸ்தானுக்கு 16, தலைநகர் இஸ்லாமாபாத்துக்கு 3. மீதி 70 இடங்கள் ஒதுக்கீடு. அவற்றில் 60 பெண்களுக்கு, 10 முஸ்லிம் அல்லாதவர்களுக்கு. மலானி 2018-ல் வென்றபோது பொது இடங்கள் 272, மொத்தம் 342. பழங்குடிப் பகுதிகள் கைபர் பக்தூன்குவாவோடு இணைக்கப்பட்டதால் பிறகு ஆறு குறைந்தன.

இந்த 70 ஒதுக்கீட்டு இடங்களுக்குத் தேர்தலே நடப்பதில்லை. இதைத்தான் புதிதாகப் படிக்கிறவர்கள் நம்பச் சிரமப்படுவார்கள். நம் ஊரில் 'தனித் தொகுதி' என்றால் வேட்பாளர் மட்டும் பட்டியல் சமூகத்தவராக இருக்க வேண்டும். வாக்குப் போடுவது தொகுதியில் உள்ள எல்லாரும். பாகிஸ்தான் ஒதுக்கீடு அப்படி இல்லை. அங்கே அதற்குத் தொகுதியும் இல்லை, வாக்குச்சீட்டும் இல்லை. தேர்தலுக்கு முன்பே ஒவ்வொரு கட்சியும் ஒரு பெயர்ப் பட்டியலை வரிசை போட்டுத் தேர்தல் ஆணையத்திடம் கொடுத்துவிடும். தேர்தல் முடிந்ததும், கட்சி எத்தனை பொது இடங்களை வென்றது என்று பார்ப்பார்கள். அதே விகிதத்தில் ஒதுக்கீட்டு இடங்கள் பிரித்துக் கொடுக்கப்படும். பட்டியலில் மேலே இருக்கிறவர் முதலில் உள்ளே போவார்.

பெண்களுக்கான இடங்களை மாகாணவாரியாகக் கணக்கிடுவார்கள். பஞ்சாபில் 141 பொது இடங்களுக்கு 32 பெண்கள் இடம் என்பதால், அங்கே நாலைந்து தொகுதி வென்ற கட்சிக்கு ஒரு பெண் உறுப்பினர் கூடுதலாகக் கிடைப்பார். சிறுபான்மையினரின் 10 இடங்களுக்கு முழு நாடும் ஒரே கணக்கு. 266-ஐ 10-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 27 தொகுதி வென்றால் ஓர் இடம். அதாவது ஒரு கட்சியின் சிறுபான்மைப் பட்டியலில் மூன்றாவதாக இருக்கும் ஒருவர் அவைக்குள் போக வேண்டுமென்றால், அந்தக் கட்சி நாடு முழுக்க எண்பது தொகுதிகளை வெல்ல வேண்டும். அந்த எண்பது பேரில் ஒருவரைக்கூட அவர் முன்பின் பார்த்திருக்க வேண்டியதில்லை. எங்கேயோ லாகூரில், பெஷாவரில் யாரோ ஜெயிப்பதை வைத்து இவருடைய இடம் உறுதியாகும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பொதுத் தொகுதி உறுப்பினர் இறந்துவிட்டால் இடைத்தேர்தல். மலானிக்குப் பக்கத்துத் தொகுதியான என்.ஏ.-221-ல் 2018-ல் வென்ற நூர் முகமது ஷா ஜீலானி 2020-ல் காலமானார். 2021 பிப்ரவரியில் மக்கள் மறுபடி வாக்குச்சாவடிக்குப் போனார்கள். ஒதுக்கீட்டு உறுப்பினர் இறந்தால் அப்படி இல்லை. பட்டியலில் அடுத்த பெயர் மேலே வரும், அவ்வளவுதான்.

மலானி முதல் தடவை போனது இந்த வாசல் வழியாக. அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஒதுக்கீட்டில் வந்த உறுப்பினருக்கும் அவையில் அதே வாக்கு, அதே பேச்சுரிமை. பிரதமரைத் தேர்ந்தெடுக்கும்போது இவர் கையும் ஒரு கைதான். ஆனால் அடுத்த முறை பட்டியலில் பெயர் இருக்குமா என்பது கட்சித் தலைமையின் கையில். எந்த ஊர்க்காரரும் "நான் உனக்குப் போட்ட ஓட்டுக்கு என்ன பதில்?" என்று சட்டையைப் பிடித்துக் கேட்க முடியாது. அந்தப் பிடி இல்லாமல் போவது இரண்டு பக்கத்துக்கும் இழப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, 2002-ல் என்ன மாறியது? அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1985-ல் ஜெனரல் ஜியா உல் ஹக் ஆட்சியில் ஒரு பொதுத்தேர்தல் நடந்தது. அதில் வாக்காளர்களை மதவாரியாகப் பிரித்துவிட்டார்கள். தனி வாக்காளர் முறை என்று பெயர். முஸ்லிம் வாக்காளர் முஸ்லிம் வேட்பாளருக்கு மட்டும்தான் வாக்களிக்கலாம். இந்து, இந்து வேட்பாளருக்கு மட்டும். கிறிஸ்தவர், கிறிஸ்தவருக்கு மட்டும். அன்றைய அவையில் 207 தொகுதிகள் முஸ்லிம்களுக்கு. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 10: கிறிஸ்தவர்களுக்கு 4, பட்டியல் சாதியினர் உட்பட இந்துக்களுக்கு 4, சீக்கியர், பௌத்தர், பார்சி உள்ளிட்டோருக்குச் சேர்த்து 1, தங்களை முஸ்லிம்கள் என்றே கருதியும் சட்டம் முஸ்லிம் அல்லாதவராக வைத்த அகமதியாக்களுக்கு 1. 1988, 1990, 1993, 1997 தேர்தல்களும் இதே முறையில்தான் நடந்தன.

இந்தியத் துணைக்கண்டத்துக்கு இந்த யோசனை புதிதல்ல. 1909-ல் மிண்டோ-மார்லி சீர்திருத்தத்தின்போது ஆங்கிலேய அரசு முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் முறையைக் கொடுத்தது. பெரும்பான்மைக்கு நடுவே தங்கள் குரல் அமுங்கிவிடக் கூடாது என்று முஸ்லிம் தலைவர்கள் கேட்டு வாங்கியது அது. 1985-ல் பாகிஸ்தானில் வந்ததற்குச் சிறுபான்மையினரிடமிருந்து அப்படிப் பரவலான கோரிக்கை எழவில்லை. மேலிருந்து வந்தது. அதனால்தான் பாகிஸ்தான் மனித உரிமை ஆணையமும் கத்தோலிக்கத் திருச்சபையின் நீதி, அமைதிக்கான அமைப்பும் பல ஆண்டுகள் அதை எதிர்த்துப் பேசிக்கொண்டே இருந்தன.

காகிதத்தில் பார்த்தால் இந்த முறை பாதுகாப்பு போலத்தான் தெரியும். பத்து இடம் உறுதியாகக் கிடைக்கிறதே, அப்புறம் என்ன? தார்பார்க்கருக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும், அது என்ன செய்தது என்று.

தார்பார்க்கர் என்பது தார் பாலைவனத்தின் பாகிஸ்தான் பக்கத்து மாவட்டம். கிழக்கே ராஜஸ்தான், தெற்கே கட்ச் ரண். மாவட்டத் தலைநகர் மித்தி. மணல் மேடுகளுக்கு நடுவே, சௌன்ரா என்று அவர்கள் சொல்லும் கூம்பு வடிவக் கூரை வீடுகள். மழை வந்தால் கம்பு, கொத்தவரை. வராவிட்டால் ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு பாசனப் பகுதிக்கு நடை. நல்ல சாலைகள் வருவதற்கு முன், உலகப் போர்க் காலத்து ராணுவ லாரிகளை மாற்றிக் கட்டிய வண்டிகள்தான் மணலில் ஓடின. அவற்றுக்கு 'கேக்ரா', அதாவது நண்டு, என்று பெயர். இந்த மாவட்டத்தில் பத்துப் பேரில் நான்கு பேருக்கு மேல் இந்துக்கள். பாகிஸ்தான் முழுவதையும் எடுத்தால் இந்துக்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள்.

இப்போது 1990-களில் நகர்பார்க்கர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் கோலி சமூகப் பெண் ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அவருடைய கிராமத்தில் கிணறு வற்றிவிட்டது. அந்தப் பகுதியின் எம்.என்.ஏ. ஒரு முஸ்லிம் நிலக்கிழார். அவரிடம் போய்க் கேட்டால், அவர் காது கொடுக்க எந்தக் கட்டாயமும் இல்லை. ஏனென்றால் இந்தப் பெண்ணின் வாக்கு அவருக்கு வரவே முடியாது, சட்டமே அப்படி. சரி, இந்துப் பிரதிநிதியிடம் போகலாம் என்றால், அவருக்கு முழு நாடும் ஒரே தொகுதி. கராச்சியில் இருக்கும் இந்து வியாபாரியும், உமர்கோட்டின் ராஜபுத்திரரும், இந்தக் கோலிப் பெண்ணும் அவருடைய வாக்காளர்கள். நான்கு பேர் நாட்டின் எல்லா இந்துக்களுக்கும். பிரசாரத்துக்குப் போக வண்டி, பணம், பெயர் எல்லாம் இருக்கிறவர்தான் அந்த நான்கில் ஒருவராக முடியும். உமர்கோட் ராணா சந்திர சிங் போன்ற பெருங்குடும்பத்தவர்கள் அந்தக் காலத்தில் திரும்பத் திரும்ப அவைக்குப் போனது இப்படித்தான். வற்றிய கிணறு யாருடைய பொறுப்பும் இல்லாமல் போனது.

தனி வாக்காளர் முறையின் உண்மையான சேதத்தை நான் இங்கேதான் பார்க்கிறேன். அது இந்துவைத் தோற்கடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் அரசியலிலிருந்து வெளியே எடுத்துவிட்டது. வேட்பாளர் தேர்தல் நேரத்தில் ஊருக்குள் வந்தால் சில தெருக்களுக்குள் நுழையவே காரணம் இருக்காது.

2002 ஜனவரியில் ஜெனரல் முஷாரஃப் அரசு இதை மாற்றியது. கூட்டு வாக்காளர் முறை திரும்பி வந்தது: ஒரு தொகுதியில் இருக்கும் எல்லாரும் ஒரே பட்டியலில், ஒரே வாக்குச்சீட்டில். முஸ்லிம் அல்லாதவர் எந்தப் பொதுத் தொகுதியிலும் நிற்கலாம். கூடவே அந்தப் பத்து ஒதுக்கீட்டு இடங்களும் இருக்கும், ஆனால் மேலே சொன்ன கட்சிப் பட்டியல் வழியாக. வாக்களிக்கும் வயதும் அப்போதுதான் 21-லிருந்து 18 ஆனது. ராணுவ ஆட்சி செய்ததுதான் என்றாலும், இந்த ஒரு மாற்றம் சரியான மாற்றம் என்றே நினைக்கிறேன்.

அந்தக் கூட்டுப் பட்டியலிலிருந்து ஒரு சமூகம் மட்டும் விடுபட்டது. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆணையின்படி அகமதியாக்களின் பெயர்கள் தனிப் பட்டியலில் வைக்கப்பட்டன. தங்களை முஸ்லிம் அல்லாதவர் என்று ஒப்புக்கொண்டு அந்தப் பட்டியலில் சேர அவர்கள் மறுக்கிறார்கள். அதனால் தேர்தல்களிலிருந்து ஒதுங்கியே நிற்கிறார்கள். 2002-ன் கதையைச் சொல்கிறவர்கள் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது.

சட்டம் 2002-ல் மாறியது. மலானி தேசியத் தொகுதியில் வென்றது 2018-ல். நடுவில் ஏன் 16 ஆண்டுகள்? ஒரு தொகுதியை வெல்வதற்கு நிற்கும் உரிமை மட்டும் போதாது என்பதுதான் விடை. தாரில் யார் வாக்கு யாருக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கும் கயிறுகள் பல.

முதல் கயிறு அர்பாப் குடும்பம். இந்த மாவட்டத்தின் பழைய அரசியல் குடும்பம் அது. அர்பாப் குலாம் ரஹீம் 2004 முதல் 2007 வரை சிந்து மாகாணத்தின் முதலமைச்சராகவே இருந்தவர். 2018-ல் மலானி தோற்கடித்த ஜகாவுல்லாவும் அதே குடும்பம்தான். இரண்டாவது, பீர்கள். சூஃபி தர்காக்களின் பரம்பரைத் தலைவர்களைப் பீர் என்பார்கள். அவர்களைப் பின்பற்றுகிறவர்கள் முரீதுகள். முல்தான் நகரத்து தர்காவின் பொறுப்பில் இருக்கும் ஷா மஹ்மூத் குரேஷிக்கு, அவ்வளவு தூரத்தில் இருக்கும் தாரிலும் உமர்கோட்டிலும் ஏராளமான முரீதுகள். அந்த நம்பிக்கையில்தான் அவர் 2013-லும் 2018-லும் இங்கே வந்து நின்றார். இரண்டு முறையும் தோற்றார். 2018-ல் நாட்டின் வெளியுறவு அமைச்சரானவர், ஆனால் இந்த மணலில் ஜெயிக்க முடியவில்லை. முரீது என்பதாலேயே முத்திரை விழுந்துவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

மூன்றாவது கயிறு சாதி. தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் "இந்து வாக்கு" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள். தாரில் அப்படி ஒன்று கிடையாது. பிராமணர், லோஹாணா வணிகர், தாக்கூர் என்கிற ராஜபுத்திரர் ஒரு பக்கம். மேக்வார், கோலி, பீல் என்ற பட்டியல் சாதியினர் இன்னொரு பக்கம், எண்ணிக்கையில் இவர்கள்தான் அதிகம். நிலம், கடை, கடன் எல்லாம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இவர்களுக்குள் உரசலும் உண்டு, நம்பிக்கையின்மையும் உண்டு. மேக்வார் குடியிருப்பு ஒன்று முஸ்லிம் நிலக்கிழாரின் ஆதரவில் இருக்கலாம். இந்து வணிகர் ஒருவர் அர்பாப் குடும்பத்தின் நெடுநாள் நண்பராக இருக்கலாம். வேட்பாளர் இந்து என்பதற்காக இவர்கள் எல்லாரும் அம்பின் மேல் குத்திவிட மாட்டார்கள்.

ஆக, மலானிக்கு முதலில் தேவைப்பட்டது ஒரு கட்சியின் பலம். சிந்துவில் அது மக்கள் கட்சி. 2008 முதல் மாகாண ஆட்சி அவர்கள் கையில். சாலை போட, குடிநீர் ஆலை திறக்க, வேலைக்குச் சிபாரிசு செய்ய ஆளுங்கட்சிக்குத்தான் முடியும். 2013-ல் மலானி முதலில் வெள்ளைத் தாளில் நின்றார்: மித்திப் பகுதியை உள்ளடக்கிய பி.எஸ்.-61, சிந்து சட்டமன்றப் பொதுத் தொகுதி. வென்றார். பட்டியலில் வந்தவர் தொகுதியில் நின்று ஜெயித்தவராக மாறியது இங்கேதான். தேசிய அவை வெற்றியின் வெளிச்சத்தில் இந்தப் படி மறைந்துவிடுகிறது. ஆனால் ஐந்து ஆண்டுகள் ஒரு சிறிய தொகுதியில் வீடு வீடாகத் தெரிந்த முகமாக இருந்ததுதான் 2018-க்கு அடித்தளம் என்று நான் நினைக்கிறேன். ஓட்டு கேட்டு வாங்கி, திட்டு வாங்கி, மறுபடி அதே வாசலில் போய் நிற்கிற பழக்கம் பட்டியலில் இருந்துகொண்டு வராது.

2018-ல் அவர் பெற்ற வாக்குகளில் எத்தனை இந்துக்களுடையவை, எத்தனை முஸ்லிம்களுடையவை என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. சீட்டில் மதம் இல்லை. கூட்டு முறையின் அழகே அதுதான். அவரை எதிர்த்து நின்ற ஜகாவுல்லாவும் இந்து வாக்குக் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. இவரும் முஸ்லிம் கிராமங்களுக்குப் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. அந்தக் கோலிப் பெண்ணின் தெருவுக்கு இப்போது இரண்டு தரப்பும் வந்தாக வேண்டும்.

பெண்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 2018 தேர்தலில் பாகிஸ்தானிலேயே பெண்கள் மிக அதிக விகிதத்தில் வாக்களித்த பகுதிகளில் தார்பார்க்கர் முன்வரிசையில் இருந்தது. ஜூலை மாதம், பாலைவன வெயில். பெண்கள் வாக்கு மொத்த வாக்கில் பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தத் தொகுதியின் தேர்தலையே ஆணையம் ரத்து செய்யலாம் என்று 2017 தேர்தல் சட்டம் சொல்கிற நாடு அது. அப்படிச் சட்டம் போட வேண்டிய இடங்களும் உண்டு, தார்பார்க்கர் மாதிரி இடங்களும் உண்டு. அதே 2018-ல், மேக்வார் சமூகத்தைச் சேர்ந்த சுனிதா பர்மார் என்ற பெண் பி.எஸ்.-56 தொகுதியில் சுயேச்சையாக நின்றார். வெற்றி பெறவில்லை. ஆனாலும் ஒரு பட்டியல் சாதிப் பெண், யாருடைய பட்டியலிலும் இடம் கேட்காமல், பொதுத் தொகுதியில் தன் பெயரை அச்சிட வைத்தார். 1997-ல் அது சட்டப்படியே நடக்க முடியாத காரியம்.

2018 மார்ச்சில் அதே நகர்பார்க்கர் பகுதியிலிருந்து கிருஷ்ண குமாரி கோலி செனட்டுக்குப் போனார். சிறுமியாக இருந்தபோது குடும்பத்தோடு ஒரு நிலக்கிழாரிடம் கொத்தடிமையாக அடைபட்டுக் கிடந்தவர் அவர். செனட் என்பது மூன்றாவது வாசல். அது மேலவை; பொதுமக்கள் நேரடியாக வாக்களிப்பதில்லை, மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள்தான் வாக்களிப்பார்கள். அவர் சிந்துவின் பெண்கள் இடம் ஒன்றில் தேர்வானார். இதையும் பத்திரிகைகள் "தேர்தலில் வென்றார்" என்றே எழுதும். தவறில்லை. ஆனால் யார் வாக்களித்தார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

"தார்பார்க்கரில் இந்துக்கள் அதிகம், அதனால் ஜெயித்தார்" என்று சொல்லி முடித்துவிடுகிறவர்களுக்கு இன்னொரு பெயரைக் காட்டலாம். அதே 2018-ல் ஜாம்ஷோரோ மாவட்டத்தின் பி.எஸ்.-81 தொகுதியில் மக்கள் கட்சியின் கியான் சந்த் இஸ்ரானி வென்றார். அங்கே வாக்காளர்களில் மிகப் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். மீர்பூர்காஸில் ஹரி ராம் கிஷோரி லாலும் வென்றார். மூன்று பேரும் ஒரே கட்சி, ஒரே மாகாணம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பஞ்சாபில் கிறிஸ்தவர்கள் கணிசமாக இருந்தும் பெரிய கட்சிகள் அவர்களைப் பொதுத் தொகுதியில் நிறுத்துவது அரிது. "உங்களுக்குத்தான் ஒதுக்கீட்டு இடம் இருக்கிறதே" என்ற பதில் தயாராக இருக்கும். ஒதுக்கீடு கதவைத் திறக்கவும் செய்கிறது, வேறொரு கதவை மூடச் சாக்காகவும் ஆகிறது.

2024 பிப்ரவரி 8 தேர்தலுக்கு முன் தொகுதி மறுவரையறை நடந்தது. பாகிஸ்தானில் தொகுதி எண்கள் வடக்கிலிருந்து தெற்காக ஓடும். சித்ரால் மலைப்பகுதி என்.ஏ.-1, பலுசிஸ்தானோடு முடியும். வடக்கே பழங்குடிப் பகுதி இடங்கள் குறைந்ததாலும், சிந்துவுக்குள்ளேயே தொகுதிகள் மாறியதாலும் கீழே எண்கள் நகர்ந்தன. தார்பார்க்கரின் இரண்டாவது தொகுதி 222-லிருந்து 215 ஆனது. மலானி அதிலும் நின்றார். இந்த முறை எதிரே நின்றவர் குடும்பத்தின் தலைமகன், முன்னாள் முதலமைச்சர் அர்பாப் குலாம் ரஹீமே. மலானி மறுபடி வென்றார். ஒரு முறை வென்றால் அலை என்று சொல்லலாம். முன்னாள் முதலமைச்சரை எதிர்த்து இரண்டாம் முறையும் வென்றதை அப்படித் தள்ளிவிட முடியாது.

அந்த 2024 தேர்தலில்தான் ஒதுக்கீட்டு இடங்களின் கணக்கு நாட்டையே ஆட்டியது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இம்ரான் கானின் தெஹ்ரீக்-இ-இன்சாஃப் கட்சியிடமிருந்து கிரிக்கெட் மட்டைச் சின்னம் பறிக்கப்பட்டதால், அதன் வேட்பாளர்கள் சுயேச்சைகளாக நின்றார்கள். பெருமளவில் வென்றும்விட்டார்கள். சுயேச்சைக்கு ஒதுக்கீட்டில் பங்கு இல்லை. ஏதாவது கட்சியில் சேர்ந்தால்தான் கணக்கில் வரும். சுன்னி இத்தேஹாத் கவுன்சில் என்ற கட்சியில் சேர்ந்தார்கள். அந்தக் கட்சி முன்கூட்டிப் பட்டியலே கொடுக்கவில்லை என்று ஆணையம் இடங்களை மறுத்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெஹ்ரீக்-இ-இன்சாஃபுக்கே அந்த இடங்கள் உரியவை என்றது. 2025 ஜூனில் அரசியல் சாசன அமர்வு அந்தத் தீர்ப்பைத் திருப்பிவிட்டது. ஒரு வாக்காளர்கூட முத்திரை குத்தாத இடங்கள் இவை. ஆனால் யாருக்கு மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை, யாரால் அரசியல் சாசனத்தைத் திருத்த முடியும் என்பதையே அவை மாற்றின.

பொதுத் தொகுதியில் வென்றுவிட்டாலும் மலானிக்கு எட்டாத நாற்காலிகள் உண்டு. பாகிஸ்தானின் ஜனாதிபதியும் பிரதமரும் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்கிறது. அவர் பிரதமருக்கு வாக்களிக்கலாம், பிரதமராக முடியாது. தாரின் மேக்வார், கோலித் தலைவர்கள் எழுப்பும் கேள்வி வேறு: ஒதுக்கீட்டுப் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வசதியான உயர்சாதிப் பெயர்களே வருவது ஏன்? சிறுபான்மையினரின் பத்து இடங்களையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கோரிக்கையும் இருக்கிறது. சிலர் அதற்காக இரட்டை வாக்கு கேட்கிறார்கள்: தொகுதிக்கு ஒன்று, ஒதுக்கீட்டு இடத்துக்கு ஒன்று. பட்டியல் முறையின் குறையை அது தீர்க்கக்கூடும். ஆனால் வேட்பாளர்கள் மறுபடி தெருக்களை மதவாரியாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு இருக்கிறது. 1997 ஒன்றும் அவ்வளவு தூரத்தில் இல்லை.

அடுத்த முறை ஒரு பாகிஸ்தான் உறுப்பினரைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போது, பெயருக்குப் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மலானியின் பெயருக்கு நேரே என்.ஏ.-215, தார்பார்க்கர்-2 என்று இருக்கும். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான பத்து இடங்களில் வந்தவர்களின் பெயருக்கு நேரே அந்த ஒதுக்கீட்டின் பெயர் மட்டும்தான் இருக்கும். ஊர்ப் பெயர் இருக்காது.